வீடு ஆடினால் என்ன செய்வீர்கள்?

ராத்திரி பத்து மணி. சாப்பாடு முடிந்தது. பிள்ளைகள் படுத்து விட்டார்கள். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து, நாளைக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை யாருக்கு என்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக் கொண்டு இருக்கிறார்.

திடீரென்று ஒரு சத்தம். பாரம் ஏற்றிய லாரி தெருவில் போவது போல் இருக்கிறது. ஆனால் தெருவில் லாரி இல்லை! பரண் மேல் அடுக்கிய பித்தளைப் பானைகள் ஒன்றோடு ஒன்று உரசுகின்றன. குடத்துத் தண்ணீர் தளும்புகிறது. சுவரில் மாட்டிய தாத்தா படம் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

"ஓடுவேன்" என்பீர்கள். எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? தூங்குகிற பிள்ளையை யார் தூக்குவது? கண் தெரியாத பாட்டியை யார் பிடிப்பது? அடுப்பு எரிகிறதே, அதை யார் அணைப்பது? யோசிக்க உங்களுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. ஆகவே அதை இன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும்போதே, யோசித்து வைத்துக் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

நம் ஊருக்கு வருமா?

"பூகம்பம் ஜப்பானில் வரும். இமயமலைப் பக்கம் வரும். நம் ஊருக்கு எதற்கு வருகிறது?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். தேவாரத்துக்குப் பக்கத்து ஊர். மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். 1988 ஜூன் மாதம் அந்த இடுக்கியில், நெடுங்கண்டம் பக்கம் பூமி அதிர்ந்தது. அளவு 4.5. கம்பம்மெட்டு ஏறினால் நெடுங்கண்டம் எவ்வளவு தூரம் என்பதை, ஏலத் தோட்ட வேலைக்குத் தினமும் ஜீப்பில் போகிற பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது. ஆனால் பூமிக்கு அது ஒரு தூரமே அல்ல.

2000-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி காலையில் கோட்டயம் மாவட்டம் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் ஓர் அதிர்ச்சி. அளவு ஏறக்குறைய 5. கேரளத்தோடு நிற்கவில்லை. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கமும் அது தெரிந்தது. ஒரு மாதம் ஆகவில்லை. 2001 ஜனவரி 7-ந் தேதி மறுபடியும் அதே பக்கத்தில் இன்னொன்று. பிறகு 2011-ல் ஜூலையிலும் நவம்பரிலும் இடுக்கியில் சிறு சிறு அதிர்வுகள்.

இன்னும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1900-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி கோயம்புத்தூர்ப் பக்கம் பூகம்பம் வந்தது. அதன் அளவு சுமார் 6 என்று விஞ்ஞானிகள் பின்னால் கணக்கிட்டார்கள். தென்னிந்தியாவில் பல ஊர்களில் அது உணரப்பட்டது.

ஐந்துக்கும் ஆறுக்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள்! இந்தக் கணக்கு வேறு. ஓர் எண் கூடினால் வெளியாகும் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். 5 அளவுள்ள பூகம்பம் ஒரு வெடி என்றால், 6 அளவுள்ளது அதே போல் 32 வெடிகளை ஒன்றாக வைத்துக் கொளுத்துவது. 7 என்றால் ஆயிரம் வெடி.

பூமி ஏன் அதிர்கிறது?

ஆதிசேஷன் தலை மாற்றி வைப்பதால் பூமி ஆடுகிறது என்று நம் பாட்டிமார்கள் கதை சொன்னார்கள். அழகான கதைதான். உண்மை வேறு.

நாம் நிற்கும் தரைக்குக் கீழே பெரிய பெரிய பாறைத் தட்டுகள் இருக்கின்றன. அவை மெல்ல நகர்கின்றன. நம் இந்தியாவைச் சுமக்கும் தட்டு வடக்கு நோக்கி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. நகம் வளரும் வேகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வடக்கே அது முட்டும் இடத்தில் இமயமலை எழும்பியது. அங்கே பெரிய பூகம்பங்கள் வருகின்றன. நம் பக்கத்துப் பாறை மிகவும் பழையது, கெட்டியானது. ஆனாலும் அதில் பழைய வெடிப்புகள் உண்டு. அந்த நெருக்குதலில் எப்போதாவது ஒரு வெடிப்பு சறுக்குகிறது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து அழுத்தினால், வெகுநேரம் வளைந்து கொடுத்துவிட்டுச் சட்டென்று முறியும் அல்லவா? அதே கதைதான்.

மலையைப் பற்றிப் பேசினோம்

பொட்டிப்புரத்தின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது உங்களுக்கு நினைவு இருக்கும். ஊருக்கு மேற்கே உள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து, உள்ளே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டம் போட்டார்கள். நியூட்ரினோ என்பது கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள். சூரியனில் இருந்து வந்து நம் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் போய்க் கொண்டே இருக்கிறது. நமக்குத் தெரிவதே இல்லை. மற்ற துகள்களை மலை தடுத்துவிடும். இதை மட்டும் தடுக்காது. அதனால்தான் மலைக்கு அடியில் ஆய்வுக்கூடம். சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புக் கொண்டது.

ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. "வெடி வைத்தால் வீடு விரிசல் விடும், அணைக்கு ஆபத்து வரும்" என்றார்கள். "அளவோடு வைக்கும் வெடியின் அதிர்வு மிகச் சிறியது, அப்படி ஒன்றும் ஆகாது" என்றார்கள் விஞ்ஞானிகள். வழக்குகள் நடந்தன. 2022-ல் தமிழ்நாடு அரசு, திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. மனிதன் வைக்கும் வெடிக்கு இவ்வளவு பேசினோம். தேதி சொல்லாமல் பூமியே வைக்கும் வெடிக்கு ஒரு பேச்சும் இல்லையே!

முல்லைப் பெரியாறு கதையும் அப்படித்தான். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை. கம்பம் பள்ளத்தாக்குக்குச் சோறு போடும் அணை. இந்தப் பக்கத்து வீடுகளில் பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தவர்கள் உண்டு. 2011-ல் இடுக்கியில் பூமி அதிர்ந்ததும், அணை தாங்குமா என்று அந்தப் பக்கத்தில் பீதி கிளம்பியது. இந்தப் பக்கத்தில் கோபம் கிளம்பியது. அவர்களுக்கு அணை பயம். நமக்குத் தண்ணீர் பயம்! டிசம்பரில் எல்லையே கொந்தளித்தது. பிறகு நிபுணர் குழு அணை பத்திரமாக இருக்கிறது என்று 2012-ல் அறிக்கை கொடுத்தது. 2014 மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

அணைக்கு நிபுணர் குழு வந்தது. அளந்து பார்த்தார்கள். சோதித்துப் பார்த்தார்கள். நம் வீட்டுச் சுவரை யார் சோதித்தார்கள்?

மராட்டியத்தில் கொய்னா என்ற அணை இருக்கிறது. 1967 டிசம்பர் 11-ந் தேதி அந்த அணைக்குப் பக்கத்திலேயே 6.3 அளவில் பூகம்பம் வந்தது. அணையில் வெடிப்புகள் விழுந்தன. ஆனால் அணை நின்றது. ஏறக்குறைய 180 பேர் செத்துப் போனார்கள். அணைத் தண்ணீர் அவர்களைக் கொல்லவில்லை. இடிந்த வீடுகள் கொன்றன.

லாத்தூரில் நடந்தது

அதே மராட்டியத்தில் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்கள். 1993 செப்டம்பர் 30-ந் தேதி. பிள்ளையார் ஊர்வலம் முடிந்து, ஜனங்கள் அலுத்துப் போய் வீட்டுக்குள் படுத்துத் தூங்கினார்கள். விடியற்காலை 3 மணி 56 நிமிடம். கில்லாரி என்ற ஊர்ப் பக்கம் பூமி ஆடியது. அளவு 6.2.

பொழுது விடிந்தபோது ஏறக்குறைய பத்தாயிரம் பேர் உயிரோடு இல்லை.

6.2 என்பது உலகக் கணக்கில் மிகப் பெரிய பூகம்பம் அல்ல. அவ்வளவு பேர் ஏன் செத்தார்கள்? வீடுகளைப் பாருங்கள். உருண்டைக் கற்களை மண் சாந்தில் அடுக்கிக் கட்டிய கனத்த சுவர்கள். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று கூரை மேல் கனமாக மண் போட்டிருந்தார்கள். பூமி உலுக்கியதும் கல் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம் பிரிந்தது. கூரை நேரே கீழே இறங்கியது. குடிசைகளில் படுத்தவர்கள் எழுந்து வந்தார்கள். கல் வீட்டில் படுத்தவர்கள் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசாங்கம் வெளியிட்டிருந்த பூகம்ப வரைபடத்தில் அந்த இடம் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் பிரிவில் இருந்தது! 1992 அக்டோபர், நவம்பர் மாதங்களில் அங்கே சிறு அதிர்வுகள் வந்து எச்சரித்தும் விட்டன. பிற்பாடு, 2002-ல் வந்த வரைபடத்தில் அந்த முதல் பிரிவையே எடுத்து விட்டார்கள். "ஆபத்து இல்லாத இடம்" என்று இந்தியாவில் ஒன்றை எழுதி வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த வரைபடத்தில் தமிழ்நாடு இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் வந்தது. கேரளம் முழுவதும் மூன்றாம் பிரிவு.

இப்போது உங்கள் தெருவை ஒரு முறை பாருங்கள். கருங்கல்லும் செம்மண்ணுமாகக் கட்டிய பழைய வீடு எத்தனை? காற்றுக்குப் பறக்காமல் இருக்கத் தகரக் கூரை மேல் கல்லைத் தூக்கி வைத்த வீடு எத்தனை?

முதல் பத்து வினாடி

பூமி ஆடத் தொடங்கியதும் செய்ய வேண்டியது என்ன? வீட்டுக்கு வீடு வித்தியாசம் உண்டு. எல்லாருக்கும் ஒரே புத்திமதி சொல்பவரை நம்பாதீர்கள்.

உங்கள் வீடு கான்கிரீட் தளம் போட்ட நல்ல வீடா? ஓடாதீர்கள். கெட்டியான மேஜையோ பெஞ்சோ இருந்தால் அதன் அடியில் புகுந்து கொள்ளுங்கள். மேஜைக் காலை ஒரு கையால் பிடித்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேஜை ஒரு பக்கம் நகரும், நீங்கள் ஒரு பக்கம் இருப்பீர்கள். மேஜை இல்லாத வீடா? பீரோ, ஜன்னல் கண்ணாடி, பரண் இவற்றை விட்டு விலகுங்கள். உள்சுவர் ஓரமாகக் குந்தி, தலையையும் பிடரியையும் இரண்டு கைகளாலும் மூடிக் கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் எழ வேண்டாம். குப்புறப் படுத்துத் தலையணையைத் தலைமேல் போட்டுக் கொள்ளுங்கள். மேலே பரண் இருந்தால் மட்டும் இடத்தை மாற்றுங்கள். மாடியில் இருப்பவர்கள் படிக்கட்டுக்கு ஓடக் கூடாது. லிப்டில் ஏறவே கூடாது.

உங்கள் வீடு மண் சாந்து வைத்த பழைய கல் வீடா? ஓட்டு வீடா? வாசற்படி இரண்டு எட்டில் இருந்து, வெளியே திறந்த வெளியும் இருந்தால், தலையைக் கையால் மூடிக் கொண்டு உடனே வெளியேறுவது நல்லது. வாசலில் நிற்கக் கூடாது. ஓடு முதலில் சரிவது தாழ்வாரத்தில்தான். வெளிவாசல் தூரமாக இருந்தால் ஓட முயலாதீர்கள். கெட்டியான மரக் கட்டிலுக்கு அடியில், அதுவும் இல்லாவிட்டால் அதன் பக்கத்தில் ஒடுங்கிக் கொள்ளுங்கள்.

"வாசற்படி நிலைக்குக் கீழே நின்றால் ஒன்றும் ஆகாது" என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் காலத்து கனமான மர நிலைக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்றைய வீட்டில் நிலைக்கு அப்படி ஒரு தனி பலம் கிடையாது. கதவு வேறு ஆடி அடிக்கும்.

பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் நின்றுவிடும். அந்த நேரத்தில் தாய்மார்கள் பிள்ளையைத் தேடி அறைக்கு அறை ஓடுவார்கள். யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்? ஆனால் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டால், "வீடு ஆடினால் மேஜைக்கு அடியில் போய் உட்காரு" என்று சொல்லிக் கொடுக்கலாம். விளையாட்டுப் போல நாலு தடவை செய்து காட்டினால் போதும். பிள்ளைகள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

அடுப்பும் தெருவும்

1923 செப்டம்பர் 1-ந் தேதி ஜப்பானில் டோக்கியோ நகரத்தை ஒரு பெரிய பூகம்பம் தாக்கியது. நேரம் பகல் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. வீடு தோறும் மதியச் சமையல். அடுப்புகள் கவிழ்ந்தன. மர வீடுகள். காற்று வேறு. ஒரு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு!

நம் வீட்டில் விறகடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆட்டம் தொடங்கும்போது அடுப்புப் பக்கத்திலேயே இருந்தால் குமிழைத் திருகி அணைத்துவிட்டு ஒதுங்குங்கள். எட்ட இருந்தால் அதற்காக ஓட வேண்டாம். கொதிக்கும் குழம்பு மேலே கொட்டும். ஆட்டம் நின்றதும் முதல் வேலை சிலிண்டரை மூடுவது. இரண்டாவது வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. ஆனால் கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். தீக்குச்சி கிழிக்காதீர்கள். விளக்குப் போடாதீர்கள். கதவைத் திறந்து போட்டு வெளியே வந்து விடுங்கள். இருட்டில் தேட டார்ச் லைட் வேண்டும். அதையும் வெளியே வந்து போடுங்கள்.

தெருவில் இருப்பவர் என்ன செய்வது? குஜராத்தில் அஞ்சார் என்ற ஊர். 2001 ஜனவரி 26-ந் தேதி காலை. குடியரசு தினம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி பிடித்துக் குறுகலான தெரு வழியாக ஊர்வலம் போனார்கள். 8 மணி 46 நிமிடத்துக்குக் கட்ச் பூகம்பம் வந்தது. இரண்டு பக்கத்துக் கட்டிடங்களும் தெருவில் சரிந்தன. பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஏறக்குறைய இருநூறு பேர் அடியில் போனார்கள். அந்தப் பூகம்பத்தில் செத்தவர் மொத்தம் பதின்மூவாயிரம் பேருக்கு மேல்.

ஆகவே, வெளியே வந்தால் போதாது. சந்தில் நிற்கக் கூடாது. மதில் ஓரம், மின்கம்பத்தடி, மாடித் தண்ணீர்த் தொட்டியின் கீழ் நிற்கக் கூடாது. களத்து மேடு, பள்ளிக்கூட மைதானம், அறுத்துப் போட்ட வயல் இவை நல்லவை. உங்கள் தெருவுக்கு எது என்று இன்றே முடிவு செய்து வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினால், பிள்ளை உள்ளே இருக்கிறதோ என்று நினைத்து அப்பன் மறுபடி இடிபாட்டுக்குள் நுழைவான்.

மலைப் பாதையில் ஜீப்பில் போகும்போது ஆடினால்? போடிமெட்டு, குமுளி, கம்பம்மெட்டு மூன்றும் பாறை உருளக் கூடிய பாதைகள். மலைச் சரிவு இல்லாத திருப்பமாகப் பார்த்து ஓரம் கட்டி நிறுத்தச் சொல்லுங்கள். பாலத்தின் மேல் நிறுத்தக் கூடாது. ஆட்டம் நிற்கும் வரை வண்டிக்குள்ளேயே இருங்கள். பத்துப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் இருபது பேரை அடைத்தால் இறங்கவும் முடியாது, குனியவும் முடியாது என்பதை ஜீப்காரரிடம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பது இல்லை.

வதந்திக்காரர்

ஒரு பெரிய ஆட்டத்துக்குப் பிறகு சிறிய ஆட்டங்கள் வரும். மணிக்கணக்கில் வரலாம், நாள் கணக்கிலும் வரலாம். முதல் ஆட்டத்தில் விரிசல் விட்ட சுவர் இரண்டாவதில் விழும். எனவே விரிசல் கண்ட வீட்டுக்குள், நகையை எடுக்கிறேன், பத்திரத்தை எடுக்கிறேன் என்று நுழையாதீர்கள். செருப்பு இல்லாமல் நடக்காதீர்கள். கண்ணாடியும் ஆணியும் கிடக்கும்.

ஆனால் "இன்று ராத்திரி மூன்று மணிக்குப் பெரிய பூகம்பம் வருகிறதாம்" என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றும். அதை அனுப்புகிறவனுக்கு ஒரு கும்பிடு போட்டு விடுங்கள். எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த ஊரில் பூகம்பம் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை உலகத்தில் இன்னும் யாருக்கும் கைவரவில்லை. ஜப்பான்காரனுக்கே வரவில்லை. பெரிய ஆட்டம் வந்து சேரச் சில வினாடி முன்னால் மணி அடிக்கும் கருவிதான் அவனிடம் இருக்கிறது.

கொத்தனாரைக் கேளுங்கள்

புது வீடு கட்டுகிறவர்கள் வாஸ்து பார்க்கிறார்கள். வாசல் எந்தத் திசை என்று மூன்று பேரைக் கேட்கிறார்கள். கொத்தனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "நாலு சுவரையும் சுற்றி பெல்ட் போடுகிறாயா?"

ஜன்னல், கதவுக்கு மேலே, வீடு முழுவதும் விடாமல் சுற்றி ஓடும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டைதான் பெல்ட். கட்டுக்குக் கயிறு போல அது நாலு சுவரையும் சேர்த்துப் பிடிக்கும். செலவைக் குறைக்க ஜன்னலுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாகப் போட்டு விடுவார்கள். அறுந்த கயிற்றால் என்ன கட்ட முடியும்? கல் சுவர் வைப்பவர்கள், சுவரின் முழு அகலத்துக்கும் போகிற நீளக் கற்களை இடையிடையே வைக்கச் சொல்லுங்கள். மண் சாந்து வேண்டாம்.

புது வீடு கட்ட வசதி இல்லாதவர் இந்த வாரமே செய்யக் கூடிய வேலை உண்டு. பரணில் இருக்கும் அண்டாவையும் உரலையும் கீழே இறக்குங்கள். பீரோவைச் சுவரோடு ஓர் ஆணியும் கம்பியும் போட்டுப் பிணையுங்கள். பிள்ளைகள் படுக்கும் இடத்தின் தலைமாட்டில் கனமான சாமி படம் வேண்டாம். கால்மாட்டிலும் வேண்டாம், எதிர்ச் சுவரில் மாட்டிக் கும்பிடலாம். இதற்கு ஆகும் செலவு இரண்டு டீக்காசு.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானில் செப்டம்பர் 1-ந் தேதியை 1960-ல் இருந்து பேரிடர்த் தடுப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். அன்று பயிற்சி நடத்துகிறார்கள். நம் பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் ஒத்திகை பார்க்கிறோம். பெஞ்சுக்கு அடியில் குனிந்து, பிறகு வரிசையாக மைதானத்துக்கு வந்து நிற்க, கால் மணி நேரம் போதும். கேரள எல்லையை ஒட்டிய ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் வருடத்துக்கு இரண்டு தடவை இதை நடத்தும்படி கலெக்டர் உத்தரவு போட வேண்டும். பணம் ஒதுக்க வேண்டியது இல்லை. குழு அமைக்க வேண்டியது இல்லை. மணி அடித்தால் போதும்.

வீட்டுச் சுவரில் குழந்தைக்கும் தெரியும்படி பெரிதாக எழுதி வைக்க நாலு எண்கள்: ஆம்புலன்சுக்கு 108. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மாநில அறைக்கு 1070. கேஸ் கசிந்தால் 1906. செல்போன் கோபுரம் விழுந்தால் எந்த எண்ணும் கிடைக்காது. அப்போது உடனே வரக் கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். கடப்பாரையும் மண்வெட்டியும் யார் வீட்டில் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.